ஒற்றைப்படைப் பாகங்கள்

ஜூன் 3, திங்கள்

பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். பியூலா வாசலுக்கு வந்து, என் முகத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். வலது கண்ணில் பாதிக்குத் திரை விழுந்திருக்கிறதாம், கறுப்புத் துணி தொங்குவதுபோல. இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறிக் கண். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அவளுக்கு இருந்ததே ஒரு கண்தான், அதில்தான் இப்படி.

விழித்திரை கழன்றுவிட்டது என்கிறார் டாக்டர். முதலில் மின்னல் மின்னலாகத் தெரிந்திருக்கிறது. பிறகு பூச்சி பறந்திருக்கிறது. அதோடு இந்த மகராசி ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஆரி வேலை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் முத்தும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. "மயிலுக்குக் கழுத்து மட்டும் பாக்கி கெடந்துச்சுக்கா," என்கிறாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்த பிறகு காபி போட்டுக் கொடுத்தேன்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவள் மட்டும்தான். அப்பாவுக்கு ஒரே பைபிள் வசனத்திலிருந்து இரண்டு பெண்களுக்கும் பெயர் எடுத்ததில் அவ்வளவு பெருமை: நான் எப்சிபா, அவள் பியூலா. பியூலா என்றால் வாழ்க்கைப்பட்டவள் என்று பொருள். அவள்தான் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த டைரி அலமாரியில் கிடந்தது. ஏதோ பழைய வருஷத்தது, ஒரு பக்கம்கூட யாரும் எழுதவில்லை. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன். என்னுடைய இரண்டு பெட்டிகளையும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு வாரம்தானே, பிரிக்க அவசியமில்லை.

ஜூன் 5, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் வாயுவை அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையைப் பின்னால் அழுத்தி ஒட்டவைக்குமாம். கண்ணின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டுமென்றால் முகம் கீழே இருக்க வேண்டும். ஆகவே இரண்டு வாரம் குப்புறக் கிடை. சாப்பிட, குளிக்க எழுந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

ஒட்டினால் பார்வை வரும். எவ்வளவு வரும் என்று பத்தொன்பதாம் தேதி பார்க்கும்போது தெரியும் என்றார் டாக்டர். ஒட்டாவிட்டால் என்ன என்று பியூலா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அவள் மடியைப் பார்த்துக்கொண்டே, "எக்கா, பாளையங்கோட்டையில இத்தன குழி இருக்கா," என்றாள்.

ஜூன் 6, வியாழன்

தரையைப் பார்த்தபடி இட்லி சாப்பிடுவது லேசுப்பட்ட காரியமில்லை. சட்னி முழுக்க என் சேலையில்.

ஜூன் 7, வெள்ளி

ரேடியோ சலித்துவிட்டது. போனில் பிரசங்கம் சலித்துவிட்டது. மதியம், நடுவில் குழி விட்டு அடுக்கிய தலையணைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது: "எக்கா, மங்கா வாசியேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது, கேட்பது ஜப்பான் படக்கதை.

"அது படமாச்சேட்டி. படத்த எப்படி வாசிக்க?"

"முன்னாடி வாசிப்பல்லா, கரெண்ட் போனா. இரட்டப்படை எல்லாம் என் அலமாரியில கெடக்கு. ஒத்தப்படைய நீ கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. 'எதிர் நடைமேடை' மொத்தம் பதினோரு பாகம். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் பங்கு பிரித்தோம். ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. அப்படிப் பிரித்தால் யாருக்கும் தனியாக வாசிக்க முடியாது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பது பியூலாவின் யோசனை. முதல் மூன்று வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு வரமுடியவில்லை.

என் பங்கு இப்போது இல்லை. போன வருஷம் சென்னையில் வீடு மாறும்போது ஸ்டான்லி அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "படம் போட்ட பேப்பர்தானே எப்சி, வயசு என்ன ஆகுது," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பியூலாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். கண் சரியாகட்டும்.

ஜூன் 8, சனி

முதல் பாகம் வாசித்தேன். கையில் இருந்தது சபையின் மாதப் பத்திரிகை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதைப் புரட்டிப் புரட்டி, ஞாபகத்திலிருந்து ஒரு ஜப்பானியப் பெண்ணின் காதலைச் சொன்னேன். கர்த்தர் மன்னிப்பார். அவள் பார்வைக்கு என் பாதம் மட்டும்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், எல்லாமே ஞாபகம் இருக்கிறது. சாயோ கடலோரத்துச் சின்ன ஊர்ப் பெண். காலையில் பள்ளிக்குப் போக நடைமேடையில் நிற்பாள். எதிர் நடைமேடையில் இத்சுகி நிற்பான், அவன் ரயில் வேறு திசைக்குப் போகும். நடுவில் தண்டவாளம். அவள் படம் வரையும் தாளில் பெரிய எழுத்தில் 'இன்று தேர்வு' என்று எழுதித் தூக்கிக் காட்டுவாள். அவன் தன் தாளில் 'எனக்கும்' என்று எழுதிக் காட்டுவான். ஒரு பாகம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை வாய் திறந்து பேசவில்லை. நடுவில் விரைவு ரயில் ஒன்று கடக்கும், பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடு. அடுத்த பக்கத்தில் அவன் இருப்பானா மாட்டானா என்று எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் பிளஸ் ஒன். அவள் எட்டாவது. சமாதானபுரம் பக்கம் சுடலைமுத்து அண்ணனின் பிரவுசிங் சென்டர். யாரோ எங்கோ உட்கார்ந்து ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்தில் போட்ட பக்கங்கள். ஒரு பக்கம் முழுசாக வர அவ்வளவு நேரம் ஆகும். மேலிருந்து கீழே, ஓலைப்பாய் விரிகிற மாதிரி இறங்கும். முதலில் முடி வரும். பிறகு நெற்றி. பிறகு அந்தக் கண்கள், பாதி முகத்துக்கு, உள்ளே நட்சத்திரத்தோடு. கண் வந்ததும் பியூலா என் கையைக் கிள்ளுவாள். அழுகிற கண்ணா சிரிக்கிற கண்ணா என்று வாய் வருகிறவரைக்கும் தெரியாது. பல நாள் அந்த இடத்தில் கரெண்ட் போய்விடும்.

என்ன பண்ணுகிறீர்கள் என்று அண்ணன் கேட்டபோது, "ஜப்பான் ப்ராஜெக்ட்," என்றேன். இரண்டு வருஷமாக முடியாத ப்ராஜெக்ட். அவர் நம்பினார், அல்லது நம்பியதாக இருந்துகொண்டார். அச்சுப் போட்டும் கொடுத்தார்.

ஜூன் 10, திங்கள்

இரண்டாம் பாகம். இது நிஜப் புத்தகம். நீலக் காலிகோ அட்டை, கனம், பழைய பசை வாசம். மடியில் வைத்ததுமே மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம்.

வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். பியூலா தலையணைக்குள்ளிருந்து நிறுத்தினாள்.

"மின்கம்பத்த விட்டுட்ட."

"எந்த மின்கம்பம்?"

"அவ குடைய மறந்துட்டு ஓடுதால்லா. அடுத்த கட்டத்துல ஒண்ணும் பேச்சு கெடயாது. ஒரு மின்கம்பம், கம்பியில மழத்தண்ணி சொட்டும். அதுக்கப்புறந்தான் அவன் வருவான்."

பார்த்தேன். இருந்தது. மின்கம்பம், கம்பி, மூன்று சொட்டு. இதை எப்படி வாசிக்க? நான் பேச்சை மட்டும் வாசிக்கிறேன். அவளுக்கு அந்தச் சும்மா இருக்கிற கட்டங்கள்தான் வேண்டும். வெறும் வானம், வெறும் மாடிப்படி, கழற்றிப் போட்ட காலணி. சின்ன வயதிலும் அப்படித்தான். நான் கதை என்ன ஆச்சு என்று தாவுவேன். அவள் அங்கேயே நிற்பாள். பிறகு அதை டிரேசிங் பேப்பரில் வரைந்து எடுப்பாள். சாயோவுக்கு வெட்கம் வந்தால் பின்னால் பூப்பூவாய் வரும் இல்லையா, அந்தப் பூவை வரைந்து வரைந்துதான் அவள் கை பழகியது. இப்போது பாதித் திருநெல்வேலிக் கல்யாண பிளவுஸ்களின் முதுகில் அந்தப் பூ இருக்கிறது, போட்டிருக்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கை இருக்கிறது. கண் வர வேண்டும். சாமி, வர வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்டான்லி போன். இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

ஜூன் 12, புதன்

மூன்றாம் பாகம் சபைப் பத்திரிகையிலிருந்து. நான்காம் பாகம் புத்தகத்திலிருந்து. இனி மின்கம்பம், காக்கை, ஜன்னல் திரை எதையும் விடுவதில்லை. "இந்தக் கட்டத்தில் யாரும் இல்லை, காற்று அடிக்கிறது," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கிறேன். வெளியே அணில் சத்தம் கேட்கும். பிறகு அடுத்த கட்டம்.

புத்தகத்தில் என் கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. பியூலா தமிழ் வழிப் பள்ளி. நான் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ந்தபோது அப்பாவுக்கு மில்லில் வேலை இருந்தது, அவள் சேர்ந்தபோது இல்லை. அதனால் அச்சுப் போட்ட ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கிலத்தை ஒயிட்னரால் அழித்து, மேலே தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன். ஜப்பான்காரர்கள் மேலிருந்து கீழே எழுதுகிறவர்கள். படத்துக்குள் பேச்சை எழுதும் பேச்சுக்கூடு எல்லாம் ஒல்லியாய் உயரமாய் இருக்கும். அதற்குள் 'நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதிப் பாருங்கள். அதனால் என் மொழிபெயர்ப்பில் எல்லோரும் வெடுக் வெடுக்கென்று பேசுவார்கள். 'பிடிக்கும்.' 'போ.' 'அழாதே.' பியூலா ரொம்ப நாள் ஜப்பானில் ஆட்கள் குறைவாகப் பேசுவார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

பைண்டிங்தான் பெரிய கூத்து. வலப்பக்கம் தைக்க வேண்டும், புத்தகம் வலமிருந்து இடம் போகும் என்றால் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரரும் கேட்கவில்லை. "மாத்தி அடுக்கிட்டியம்மா," என்று அவர்களே திருத்தி இடப்பக்கம் தைத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு பிரதியில் இத்சுகி முதலில் பிரிந்து போவான், கடைசியில் அறிமுகமாவான். பிறகு யாரோ சொல்லி மேலப்பாளையம் போனோம். மதரஸாவின் அரபிப் புத்தகங்கள் பைண்ட் பண்ணும் ஒரு பாய். தாளைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை, வலப்பக்கம் தைத்தார். கொடுக்கும்போது மட்டும், "ஓதுற புத்தகம் மாதிரியே கட்டிட்டேன், பத்திரமா வச்சுக்கோங்க," என்றார்.

அந்தத் தலைகீழ்ப் பிரதியும் என் பங்கில்தான் இருந்தது.

ஜூன் 13, வியாழன்

ஸ்டான்லி போன். ஏலக்காய் டப்பா. பியூலாவைப் பற்றிக் கேட்டாரா என்று பியூலா கேட்டாள். கேட்டார் என்றேன்.

ஜூன் 15, சனி

எட்டாம் பாகம் முடிந்தது. சின்ன வயதில் எட்டிலிருந்து எங்களுக்குப் பிடிக்காது. இத்சுகி வெளிநாடு போய்விடுவான். சாயோ டோக்கியோவில் வேலைக்குப் போய், குரோதா என்று ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாள். பூ நின்றுவிடும். ஒரு பாகம் முழுக்கப் பின்னால் பூவே வராது. அப்போது நாங்கள் வரைந்தவளைத் திட்டினோம். இன்றைக்கு வாசித்தால் அவள் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறாள் என்று தெரிகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று வந்த கதைதான். ஆனால் வரைந்த பெண்ணுக்கும் இடையில் வயதாகிவிட்டது போல.

பியூலா சொன்னாள், "குரோதாவ கெட்டவன்னும் சொல்ல முடியாது, பாத்தியா."

"ஆமா. நல்லவந்தான்."

"ஆனா இந்தப் புக்குல அவன் பேசுத எல்லாக் கூட்டையும் பாரு. அது எங்க, இது எங்க. ஒரு தடவகூட அவகிட்ட வேற எதுவும் கேக்க மாட்டான்."

வெண்டைக்காய் அடுப்பில் இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

மாலையில் ஸ்டான்லி போன் செய்து இருபதாம் தேதி சாயங்கால ரயிலுக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். பத்தொன்பதாம் தேதி டாக்டர் பார்த்துவிடுவார் அல்லவா, பிறகு அங்கே என்ன வேலை என்றார். நியாயம்தான். பியூலாவிடம் சொன்னேன். "சரிக்கா," என்றாள்.

நான் பார்த்த டீச்சர் வேலையை விட்டதும் இப்படித்தான், அவர் சொன்னபடி, நியாயமாக.

ஜூன் 17, திங்கள்

பதினோராம் பாகம். என் பங்கு. அதாவது சபைப் பத்திரிகை.

கடைசிப் பாகத்தில் சாயோ ஏதோ ஒரு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கையில் பெட்டியோடு டோக்கியோ திரும்பிக்கொண்டிருப்பாள். வழியில் அவளுடைய கடலோர ஊர். ரயில் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். கதவு திறக்கும். இரண்டு பக்கம் முழுக்க அந்தத் திறந்த கதவுதான். பேச்சே கிடையாது.

அங்கே வந்ததும் நான் கொஞ்சம் மாற்றிவிட்டேன். கதவு மூடியது, ரயில் கிளம்பியது, அவள் உட்கார்ந்தே இருந்தாள் என்று சொன்னேன். டோக்கியோ ஸ்டேஷனுக்குக் குரோதா வந்திருந்தான் என்றேன்.

"வந்திருந்தானா?" என்றாள் பியூலா.

"ஆமா. குடையோட."

"குடையோடயா."

"மழைல்லா."

மாற்றியதற்குக் காரணம் உண்டு. நிஜ முடிவுக்கு அவள் அந்தக் காலத்தில் அழுத அழுகை எனக்குத் தெரியும். இப்போது அழுதால் கண்ணுக்கு ஆகாது. பத்தொன்பதாம் தேதிவரை பொறுப்பு என்னுடையது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

பியூலா அதிகம் பேசவில்லை. நாளைக்கு என்று பயமாக இருக்கும். எனக்கும் பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் பயத்தைச் சொல்லாமல் பூண்டு உரித்தோம், அவள் குனிந்தபடி, நான் நிமிர்ந்தபடி.

ஜூன் 19, புதன்

ஒட்டிவிட்டது.

முதலில் அதை எழுதிவிட வேண்டும். விழித்திரை ஒட்டிவிட்டது. தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொன்னதும் பியூலா உடனே நிமிரவில்லை. பழகிவிட்டது. நான் தாடையைப் பிடித்துத் தூக்கினேன். சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் மூன்று வரிசை சொன்னாள். போகப் போகக் கூடும், முன்பு போல் முழுசாக வராது, ஊசி வேலைக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படலாம், அதுவும் மூன்று மாதம் கழித்து என்றார். போதும். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். இது ஜலதோஷம் இல்லை.

குமிழி இன்னும் உள்ளே இருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு தெரிகிறதாம். தலையை ஆட்டினால் கோடும் ஆடுகிறதாம். கோட்டுக்கு அந்தப்பக்கம் உலகம் தெரிகிறது என்றாள். ஆட்டோவில் ஒவ்வொரு கடைப் பலகையையும் வாசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்முன் கேட்டாள். "எக்கா, பதினொண்ண எடு. அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் பாக்கணும்."

"மொதல்ல சாப்பிடு."

"பாத்துட்டு சாப்பிடுதேன்."

அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, இல்லாத புத்தகத்தைத் தேடினேன். நன்றாகத்தான் தேடினேன். சேலைக்கு அடியில், சால்வைக்கு அடியில். காணோமே, சென்னையிலேயே வைத்துவிட்டேனோ என்று சொல்ல வாயைத் திறந்தபோது அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தாள்.

"அது உன் கல்யாணப் பட்டுல்லா?"

"ஆமா."

"அது என்ன கவரு?"

"சர்டிபிகேட்டு. பி.எட்."

"கம்பளிச் சால்வ. அம்மா பைபிளு." அவள் மெதுவாகத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு வாரம் ஆளப் பாத்துக்கிட வாரவ கல்யாணப் பட்டும் சர்டிபிகேட்டுமா கொண்டு வருவா?"

நான் சால்வையை மடித்தேன். மடித்த சால்வைதான், திரும்பவும் மடித்தேன்.

"புக்கெல்லாம் போச்சு, அப்படித்தான?"

"ம்."

"அத்தான் போட்டுட்டாரா?"

"பேப்பர்காரர்ட்ட. போன வருசம்." பிறகு சொன்னேன், "உனக்கு எப்பம் தெரியும்?"

"மொத நாளே. பாய் கட்டுன புக்கு மடியில வச்சாலே தொப்புனு சத்தம் கேக்கும். நீ பொரட்டுனது சபப் பத்திரிகைல்லா, வழவழன்னு அது ஒரு மாதிரி சத்தம். ரெண்டு வாரமா காது மட்டுந்தான எனக்கு வேல."

"பின்ன ஏன்ட்டி சும்மா கெடந்த?"

"நீ ஒரு கட்டம் விடாம சொன்னெல்லா." அவள் சால்வையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "மொதல்ல கையில புக்கு இருந்தப்பம் பேச்ச மட்டும் வாசிச்ச. புக்கு இல்லாதப்பம் மின்கம்பம், மாடிப்படி, காக்கா எல்லாம் சொன்ன. இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டு அங்க கெடந்திருக்கியேன்னு நெனச்சேன். கேக்கவும் நல்லா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. கடைசியிலதான் பொய் சொல்லிட்ட."

"நீ அழுவேன்னுதான்."

"நானா?"

நான் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"அவ எறங்குவாக்கா. அந்தப் பக்கத்த எத்தன தடவ டிரேஸ் எடுத்திருக்கேன். கதவு தெறந்து கெடக்கும். அப்புறம் அவ காலு, பெட்டி, நடைமேட. எதிர்ல பாப்பா. இத்சுகி இருக்க மாட்டான். ஒருத்தனும் இருக்க மாட்டான். ஆனாலும் எறங்கிருவா. நாம ரெண்டு பேரும் மூணு நாளு வரைஞ்சவள ஏசினோம், பையன் வரலியேன்னு."

ஞாபகம் இருந்தது. எல்லாம் ஞாபகம் இருந்தது. இறங்கி, கடல் தெரிகிற தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கதவைத் தள்ளுவாள். கடைசிக் கட்டம்.

"நான் சந்தோஷமா இல்ல பியூலா," என்றேன். இவ்வளவு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "அடிக்கல, வையல. ஆனா நான் அங்க இருக்கேன்னே எனக்குத் தெரியல."

"தெரியும்," என்றாள். "நீ ரெண்டு பெட்டிய உருட்டிக்கிட்டு வரும்போதே கேட்டுச்சு. நீ எறங்கியாச்சுக்கா. உனக்குத்தான் தெரியல."

சோறு ஆறிப்போய்விட்டது. சூடு பண்ணிச் சாப்பிட்டோம். பியூலா தலை நிமிர்ந்து சாப்பிட்டாள், சட்னி சிந்தாமல்.

ஜூன் 20, வியாழன்

ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதாம். நான் ஏறவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஸ்டான்லி போன். சாவி எங்கே என்று கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டார். இப்போது வரவில்லை, எப்போது என்றும் சொல்லத் தெரியவில்லை என்றேன். பிறகு, "அந்தப் புக்குக்காகவா?" என்றார். அது மட்டும் இல்லை என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கேட்டார். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

பெட்டிகளைப் பிரித்தாயிற்று. காலி பெட்டிகள் பரண்மேல். சர்டிபிகேட் உறை மேஜைமேல், நாளைக்கு ஒரு பள்ளியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பியூலாவின் கண்ணுக்குள் குமிழி கடுகளவு ஆகிவிட்டது, கீழே உருண்டுகொண்டிருக்கிறதாம்.

ஊசி கூடாது, ஆனால் பென்சில் பரவாயில்லை, கொஞ்ச நேரம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, போன என் பங்கை அவள் மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறாள். முதல் பாகத்திலிருந்து ஆரம்பி என்றால் கேட்கவில்லை. "கடைசிப் பக்கந்தான் மொதல்ல. எப்படியும் இந்தப் புக்கு நம்ம ஊருக்குத் தலகீழ்தான," என்கிறாள். மூக்கு தாளில் முட்டுகிறது. கோடு முன்பு போல் இல்லை, கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் சாயோதான், சந்தேகமே இல்லை.

இன்று மதியம் முடித்துக் கொடுத்தாள். திறந்த கதவு. கால், பெட்டி, காலியான எதிர் நடைமேடை. கடைசிக் கட்டத்தில் வீட்டு வாசல், ஏற்கெனவே ஒரு ஜோடிச் செருப்பு, அதன் பக்கத்தில் இப்போது கழற்றிய இன்னொரு ஜோடி. ஆள் யாரும் தெரியமாட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரே ஒரு பேச்சுக்கூடு, ஒல்லியாய், உயரமாய், காலியாய்.

ஜப்பானில் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான் அந்தக் கூட்டில் வர வேண்டும். அன்றைக்கு ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹோம்' என்று இருந்ததைப் பார்த்து நான் 'வீட்டில் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். கூட்டுக்கு வெளியே வழிந்தது. "வீட்டுல இருக்கவ எதுக்குக்கா வீட்டுல இருக்கேன்னு சொல்லுதா?" என்று அப்போது பியூலா கேட்டாள்.

"எழுது," என்று பேனாவை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நான் தாவவில்லை. பிறகு மேலிருந்து கீழே, ஓரெழுத்தின் கீழ் ஓரெழுத்தாக எழுதினேன்.

வந்துட்டேன்.

கூட்டுக்குள் அடங்கியது. கீழே கொஞ்சம் இடமும் இருந்தது.